புளியங்கொட்டையை எண்ணிவிட்டு மிஷினைப் பற்றிப் பேசலாம்

ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினத்துக்கு வடக்கே கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

“மூன்று மாடு இருக்கிறது. ஒன்று ஆறு லிட்டர், இன்னொன்று நாலு லிட்டர் கறக்கிறது. மூன்றாவது சினை, தை பிறந்ததும் ஈனும். ஒன்பது கொடி இன வெள்ளாடு, ஆறு செம்மறி. வீட்டுக்காரர் வெளிநாட்டில். மாமாவுக்கு முட்டிவலி. மழை பிடித்துவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான். விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் எட்டு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்வரை தொழுவத்துக்கும் வீட்டுக்கும் நடைதான். வைக்கோல் படப்பு அறுபது காலடி தள்ளி இருக்கிறது, நடுவில் சேறு. போர்த் தண்ணீர் உப்பு என்பதால் ஊரணியிலிருந்து குடத்தில் சுமக்கிறேன். ராத்திரியே பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊறப்போட்டு, காலையில் அடுப்பில் காய்ச்சி, கழனித்தண்ணீரில் கலக்கி வைக்கிறேன். மழையில் நனைந்துகொண்டே புல் அறுக்கிறேன். இடுப்பு ஒடிந்துபோகிறது. கொழுந்தனார் புல் நறுக்கும் மிஷின் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா? ஒரு நாளைக்கு ஒரே வேளை தீவனம் போட்டால் ஆகாதா? பனிக்காலத்தில் கூடுதலாகப் போட வேண்டும் என்கிறார்களே, அது நிஜமா?”

தங்கச்சி, மிஷின் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை மடியில் முடிந்துகொள்ளுங்கள். தொழுவத்து வாசலில் ஒரு ஓலைக்கொட்டானை மாட்டுங்கள். வீட்டிலிருந்தோ படப்பிலிருந்தோ ஊரணியிலிருந்தோ தொழுவத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டையை அதில் போடுங்கள். ராத்திரி படுக்கப்போகும்முன் எண்ணிப் பாருங்கள்.

நான் கால்நடை டாக்டராக வேலையில் சேர்ந்த புதிதில் வீட்டில் இரண்டு மாடும் நாலு ஆடும் வைத்திருந்தேன். மாட்டு டாக்டர் வீட்டிலேயே காலையில் சண்டை நடக்கும், “உங்கள் மாட்டை நீங்களே பாருங்கள்” என்று. அப்போது எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 37 கொட்டை விழுந்தது. தண்ணீருக்கு 15. வைக்கோலுக்கும் புல்லுக்கும் 8. பால் கறக்க 3. மிச்சம் 11 எதற்கு என்று யோசித்தால் வெட்கமாக இருந்தது. அரிவாளை வீட்டில் வைத்துவிட்டு வந்தது, டார்ச்சை எடுக்கப் போனது, கயிறு, வாளி, உப்பு என்று மறந்ததை எடுக்கப் போன நடைதான் அந்தப் பதினொன்றும். ஒரு பலகையில் ஆறு ஆணி அடித்துத் தொழுவத்துச் சுவரில் மாட்டினேன். அரிவாள், டார்ச், கயிறு, தொரட்டி, வாளி எல்லாம் அங்கேயே குடியிருக்க வேண்டும், வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்று சட்டம் போட்டோம். அடுத்த நாளே பத்து நடை குறைந்தது. செலவு ஆணிக் காசு.

உங்கள் கடிதத்தில் இருக்கிற களைப்பும் பெரும்பாலும் நடைக் களைப்புதான். மாடு தின்கிற அளவைக் குறைக்க முடியாது. தீவனமும் தண்ணீரும் அதன் வாய்க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை மாற்ற முடியும்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். அதுதான் உங்களைக் கொல்கிறது. ஆறு லிட்டர் கறக்கிற மாட்டுக்கு 60 லிட்டர், நாலு லிட்டர் மாட்டுக்கு 50, சினை மாட்டுக்கு 40, ஆடுகளுக்குத் தலைக்கு நாலு லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் வருகிறது. மழை நாளில் பச்சையில் இருக்கிற ஈரத்தால் கொஞ்சம் குறையும். ஆனாலும் குடக்கணக்கில் பதினைந்து குடம். இடுப்பு ஒடியாமல் என்ன செய்யும்?

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் ஊரணிக்குப் போய்ச் சுமக்கிற அதே நல்ல தண்ணீர்தான் உங்கள் தொழுவத்துக் கூரையிலிருந்து மண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கொட்டகைக்குத் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பதினைந்து அடிக்குப் பதினைந்து அடி என்றால்கூட ஏறக்குறைய 20 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை, அதாவது சுமாரான ஒரு மழை, 200 லிட்டர் கொடுக்கும். சிந்தியது சிதறியது போனாலும் 160 தேறும். நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. குழாயைக் கூரை ஓரத்தில் கம்பியால் கட்டி, கீழே 200 லிட்டர் நீல டிரம் இரண்டை வையுங்கள். முதல் மழைத் தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள், காக்கை எச்சமும் உப்புத்தூசியும் அதில் போய்விடும். டிரம்மின் வாயை வேட்டித்துணியால் இறுக்கிக் கட்டினால் கொசு முட்டை போடாது. டிரம்மை மூன்றடி மேடையில் ஏற்றி, அடியில் குழாய் பொருத்தி, தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மிதவை வால்வு வைத்துவிட்டால் மாடு குடிக்கக் குடிக்கத் தொட்டி தானே நிறையும். ராத்திரி தாகம் எடுத்தாலும் குடிக்கும். ராத்திரியும் தண்ணீர் கிடைக்கிற மாடு பால் குறைக்காது.

கார்த்திகை, மார்கழியில் நம் கரைக்கு இப்படி ஓடிவிடும். வெயில் காலத்தில் இது கைகொடுக்காது, தெரியும். அப்போது போர்த் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. எல்லா உப்புத் தண்ணீரும் விஷமல்ல. ஒரு பாட்டிலில் பிடித்து மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருந்தால் மாடு பழகிக்கொள்ளும், முதல் சில நாள் சாணம் இளகலாம். 5,000-ஐத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவைக்கும் வேண்டாம். 7,000-க்கு மேல் எதற்கும் வேண்டாம். ஆடுகள் மாடுகளைவிடக் கொஞ்சம் உப்பைத் தாங்கும். வாயில் விட்டுப் பார்த்துக் கரிக்கிறது என்று நாம் துப்புகிற தண்ணீரில் பாதிக்கு மேல் ஆடு குடிக்கக்கூடியதாக இருக்கும் என்பது என் அனுபவம். உப்புத் தண்ணீரிலேயே இருந்த மாடு மழைக்கு நல்ல தண்ணீருக்கு மாறும்போது சுவரை நக்கும், கயிற்றைச் சப்பும். அது கிறுக்கு அல்ல, உப்புத் தேடுகிறது. தீவனத்தில் தினம் ஒரு கைப்பிடியில் பாதி, அதாவது 30 கிராம், கல்லுப்பு சேருங்கள்.

சரி, வைக்கோல். அறுபது காலடிச் சேற்றில் படப்புக்குப் போய், ஈர வைக்கோலைக் கையால் உருவி, தலையில் வைத்துக்கொண்டு வருகிறீர்கள். இதில் எனக்குப் பயம் சேறு அல்ல. மழைக்கு மண்ணிலிருந்து கிளம்புகிற சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் காய்ந்த இடம் தேடிப் படப்பின் அடியில்தான் ஒதுங்கும். இருட்டில் வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். கவைக்கம்பால் உருவுங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் ஆற அமரச் செய்யலாம்.

ஒரு மாட்டுக்கு ஐந்து கிலோ வைக்கோல் என்றால் மூன்றுக்கும் பதினைந்து கிலோ. ஒரு வாரத்துக்கு 105 கிலோ. உதிரி வைக்கோலாக அடுக்கினால் ஆறடி நீளம், நாலடி அகலம், மூன்றடி உயரம் போதும். தொழுவத்துக்குள்ளேயே, மாட்டின் தலைப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பனங்கட்டைகளைப் பரப்பி ஒரு பரண் கட்டுங்கள். வானம் வெளுக்கிற ஒரு மதியம், வாரத்துக்கு ஒரு தடவை, படப்பிலிருந்து அங்கே மாற்றிவிட்டால் தினசரிப் படப்பு நடை முற்றிலும் ஒழிகிறது. பரணில் நின்று தள்ளினால் வைக்கோல் மாட்டின் முன்னால் விழும்.

இப்போது அறுவடை முடிந்ததும் மிஷின் வைத்து வைக்கோலைக் கட்டாகச் சுருட்டித் தருகிறார்கள் அல்லவா? கட்டு பதினைந்து முதல் இருபது கிலோ வரும். உங்கள் மூன்று மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டு, கணக்கே போட வேண்டாம். நம் பக்கம் மாசி, பங்குனிக்குள் அறுப்பு முடிந்துவிடும். அப்போது கட்டாகவே வாங்கி அடுக்குங்கள். ஈரம் இருக்கிற கட்டை மட்டும் வாங்காதீர்கள். வெளியே காய்ந்து இருக்கும், நடுவில் கையை விட்டால் சூடாக இருக்கும், ஒரு புளித்த வாடை வரும். அப்படி இருந்தால் பத்து நாளில் நடுப்பகுதி கருத்துப்போகும்.

கொண்டுவர எது? குடம் வைத்துத் தள்ளுகிற வண்டி, இரும்புச் சட்டத்தில் சைக்கிள் சக்கரம் பூட்டியது, நம் கரையோரக் கிராமங்களில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஒரு பலகையைப் போட்டால் இரண்டு கட்டு வைக்கோல் போகும். வண்டி சேற்றில் புதைகிறது என்றால், தடத்தின் அகலத்துக்கு மட்டும் உடைந்த ஓடும் செங்கல் துண்டும் கொட்டி மேலே மணல் போடுங்கள். முற்றம் முழுவதையும் மேடாக்குகிறேன் என்று இறங்காதீர்கள்.

படப்பிலேயே எவ்வளவு வீணாகிறது என்று பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் “மேலே ஒரு சாண் அழுகிவிட்டது, அடியில் இரண்டு சாண்” என்று இருக்கிறது. மேலே அழுகுவது மழையால். தார்ப்பாயை முழுக்க மூடி இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து இன்னும் அழுகும். உச்சியில் பனையோலையைக் கவிழ்த்து வேய்ந்து, வாடைக்காற்று தூக்காமல் கல் கட்டித் தொங்கவிடுவதுதான் நம் பெரியவர்கள் செய்தது. பக்கவாட்டில் காற்று போக வேண்டும். அடியில் அழுகுவது மண்ணிலிருந்து ஏறுகிற ஈரத்தால். அடுத்த வருடம் படப்புப் போடும்போது அடியில் கல்லோ பனங்கட்டையோ அடுக்கி, சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் இழுத்துவிடுங்கள். அழுகியதை மாட்டுக்குப் போட வேண்டாம். பூசணம் பிடித்த வைக்கோலும், பச்சையாகப் பூத்த கடலைப் புண்ணாக்கும் ஈரலைக் கெடுக்கும், அந்த நஞ்சு பாலிலும் வரும். உங்கள் பிள்ளைகள் குடிக்கிற பால் அது. உரக்குழிக்குப் போகட்டும்.

இனி அந்த அடுப்பு. பருத்திக்கொட்டையை ஊறவைத்து, புண்ணாக்கைக் காய்ச்சி, கழனியில் கரைத்து… இதற்குக் காலையில் முக்கால் மணி நேரம் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முக்கால் மணி நேரத்தை நான் உங்களுக்குத் திருப்பித் தருகிறேன். காய்ச்ச வேண்டாம். ஊறவைக்கவும் வேண்டாம். மாட்டின் முதல் வயிறே ஒரு பெரிய ஊறல் பானைதான், அங்கே இருக்கிற கிருமிகள் ஊறவைக்கிற வேலையைச் செய்கின்றன. உங்கள் மாமியார் காலத்தில் காய்ச்சினார்கள், மாடும் நன்றாகத்தான் இருந்தது. காய்ச்சாவிட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் ராத்திரி ஊறின புண்ணாக்கு விடிவதற்குள் புளித்துவிடும், ஈ மொய்க்கும், தொட்டியின் மூலையில் கொழகொழவென்று படியும். கலவையை உலர்ந்தபடியே எடுத்து, தூசி பறக்காத அளவுக்குத் தண்ணீர் தெளித்து, புட்டு மாவுப் பதத்தில் வைத்தால் போதும்.

கலவையும் வாரத்துக்கு ஒரு தடவை கலந்தால் போதும். 100 கிலோவுக்கு நான் சொல்கிற கணக்கு: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு அல்லது குருணை 35, புண்ணாக்கு 27, தவிடு 35, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. நான் முன்னால் சொன்ன தினசரி 30 கிராம் உப்பு இதிலேயே ஏறக்குறைய வந்துவிடுகிறது, இரண்டு தடவை போடாதீர்கள். உடலைக் காக்க ஒன்றரை கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. அப்படிப் பார்த்தால் ஆறு லிட்டர் மாட்டுக்கு நாலு கிலோ, நாலு லிட்டர் மாட்டுக்கு மூன்று கிலோ, சினை மாட்டுக்குக் கடைசி இரண்டு மாதம் இரண்டரை கிலோ. மூன்றுக்கும் சேர்த்து ஒன்பதரை கிலோ, வாரத்துக்கு 70 கிலோ கலந்தால் சரியாக இருக்கும். மழைக்காலத்தில் அதற்கு மேல் கலந்து வைக்காதீர்கள். நம் உப்புக்காற்றுக்குத் தவிடு ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிவிடும், தகர டின் துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். பிளாஸ்டிக் டிரம்மில், தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள்.

தினமும் அளப்பது இன்னொரு தொல்லை. பழைய பெயிண்ட் டப்பா மூன்றை எடுங்கள். கலவையைத் தராசில் இரண்டு கிலோ, ஒன்றரை கிலோ, ஒன்றேகால் கிலோ என்று நிறுத்து ஒவ்வொன்றிலும் கொட்டி, அது நிற்கிற இடத்தில் உள்பக்கம் சிவப்புக் கோடு போடுங்கள். ஒரு டப்பா ஒரு மாட்டின் ஒரு வேளைக்கு. டப்பாவிலேயே மாட்டின் பேரை எழுதிவிட்டால் அன்றைக்கு யார் வைத்தாலும் அளவு மாறாது. கலக்குகிற வேலையையும் டப்பாவை நிரப்பி வைக்கிற வேலையையும் உங்கள் மாமாவிடம் கொடுங்கள். முட்டிவலிக்காரர், நடக்க முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிற வேலை அவருக்கு ஒத்துவரும். “எனக்கு ஒரு வேலையும் விடமாட்டேன் என்கிறாள்” என்று அவர் முகம் வாடுவதாகவும் எழுதியிருந்தீர்கள் அல்லவா.

டிரம்முக்கு மூடி, மூடிக்குக் கொக்கி. இதை நான் வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. என் வீட்டில் மூடி உடைந்த டிரம்மில் குருணை வைத்திருந்தோம், இன்றைக்கு மாற்றலாம் நாளைக்கு மாற்றலாம் என்று. ஒரு மதியம் செவலைக் கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டது. எவ்வளவு தின்றதென்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் நான் வரும்போது இடப்பக்க வயிறு மத்தளம் மாதிரி இருந்தது, பல்லை நறநறவென்று கடித்தது, எழுந்திருக்கவில்லை. சோடா உப்பு கொடுத்தேன், குளுக்கோஸ் ஏற்றினேன். விடிவதற்குள் போய்விட்டது. ஊருக்கெல்லாம் அரிசியும் சோறும் ஆட்டுக்குப் போடாதே என்று சொல்கிற ஆள் நான். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை அன்போடு அள்ளிப் போட்டு ஆடு செத்த கதைகளை மாதத்துக்கு ஒன்றாவது பார்ப்பேன். அப்படி ஏதாவது நடந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் 1962-க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

இப்போது உங்கள் காலை நேரத்துக்கு வருகிறேன். நாலரைக்கு எழுந்து மாட்டையும் ஆட்டையும் ஒரேயடியாகக் கவனிக்கிறீர்கள். ஆடு அவ்வளவு காலையில் உங்களைக் கேட்கவில்லை. அது கத்துவது பழக்கத்தால், நீங்கள் பழக்கிவைத்ததால். சொல்லப்போனால் மழையிலும் பனியிலும் ஆட்டைச் சீக்கிரம் அவிழ்ப்பது கெடுதல். ஈரப்புல்லின் நுனியில்தான் குடற்புழுவின் குஞ்சுகள் ஏறி நிற்கும், வெயில் ஏறிப் புல் காய்ந்தால் கீழே இறங்கிவிடும். ஒன்பதரை, பத்து மணிக்கு அவிழ்த்தால் போதும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு. அவிழ்க்கும் முன் ஒரு பிடி வைக்கோலையோ காய்ந்த கடலைக்கொடியையோ தின்னவிட்டு அனுப்புங்கள். முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லைக் காலி வயிற்றில் மேய்ந்தால் துள்ளுமாரி வரும், செம்மறி துள்ளி விழுந்து செத்துப்போகும். தடுப்பூசி மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் இந்த வாரமே கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

ஆட்டுக்கு முக்கியத் தீவனத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். அகத்தி, பூவரசு, வேம்பு, உடைமரத் தழை, எது கிடைக்கிறதோ அதைப் பனைநாரால் கொத்தாகக் கட்டி, ஆட்டின் முகத்துக்குக் கொஞ்சம் மேலே கயிற்றில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டதை ஆடு மிதிக்கும், மிதித்ததை மோந்துகூடப் பார்க்காது. தொங்குவதைக் கடைசி இலைவரை உருவும். வெட்டுகிற தழையில் கால்பாகம் மிச்சமாகும், அந்த அளவுக்கு உங்கள் நடையும் குறையும். சீமைக்கருவேல் நெற்றும் நல்ல தீவனம்தான், கோடையில் உலர்த்தி வைத்திருந்தால் இப்போது உதவும். இடித்துப் பொடியாக்கி, கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேருங்கள். முழு நெற்றாகப் போட்டால் விதை சாணத்தோடு வெளியே வந்து உங்கள் வயலிலேயே முளைக்கும், அதை வெட்டி மாளாது.

“ஒரே வேளை போட்டால் ஆகாதா” என்ற கேள்விக்குப் பாதி ஆகும் என்பதே பதில். வைக்கோலையும் தழையையும் சாயங்காலம் ஒரே வேளையாகப் போடலாம், ராத்திரி முழுக்க நிதானமாகத் தின்று அசை போடும். கறவை மாட்டின் அடர்தீவனத்தை, அதாவது அந்தக் கலவையை, மட்டும் ஒரே வேளையாகக் கொட்டக் கூடாது. காலை கறவைக்குப் பாதி, மாலை கறவைக்குப் பாதி. எந்த மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாமல் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். சாயங்காலத் தீவனத்தில் இன்னொரு லாபமும் உண்டு. கனடாவில் பண்ணைக்காரர் ஒருவர் சினை மாடுகளுக்கு ராத்திரியில் தீவனம் போட்டுப் பார்த்தார், பெரும்பாலானவை பகலில் ஈன்றன. அப்புறம் மற்றவர்களும் செய்து பார்த்தார்கள், ஓரளவுக்கு அப்படித்தான் வந்தது. காரணம் இதுதான் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. உங்கள் மாடு தையில் ஈனப்போகிறது. நடுராத்திரி மழையில் தனியாக நிற்பதற்கு, மத்தியானம் அக்கம்பக்கத்தார் இருக்கும்போது ஈன்றால் நல்லதுதானே. காசா பணமா, செய்து பாருங்கள்.

பனிக்குக் கூடுதல் தீவனம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பத்திரிகையிலும் வீடியோவிலும் வருகிற அறிவுரையெல்லாம் நிஜமாகவே குளிர்கிற ஊருக்கு எழுதியது. நம் கடலோரத்தில் மார்கழி ராத்திரிகூட 20 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். வளர்ந்த மாட்டுக்கு அது சுகமான குளிர். நம் எதிரி ஈரமும் காற்றும் சேர்ந்து வருவது. நனைந்த குட்டிமேல் வாடைக்காற்று அடித்தால் இரண்டே நாளில் சளி பிடித்து இழுக்கும். குட்டிகளுக்கு அதிகமாகத் தீனி போடுவதைவிட, வடக்குப் பக்கம் தரையிலிருந்து மூன்றடிக்கு ஓலைத்தட்டி கட்டுவது பெரிய காரியம். அதற்கு மேலே திறந்தே இருக்கட்டும், மூத்திர நெடி வெளியே போக வேண்டும்.

பச்சைப்புல்லை மழையில் அறுக்காதீர்கள். மழை விட்ட மதியம் இரண்டு நாளுக்குச் சேர்த்து அறுத்து, கொட்டகைக்குள் மெலிதாகப் பரப்பி நாலைந்து மணி நேரம் வாடவிட்டுப் போடுங்கள். குவித்து வைத்தால் சூடாகிவிடும். சொட்டச் சொட்ட ஈரப்புல் தின்றால் வயிறு உப்பும், சாணம் தண்ணீராகப் போகும். அடுத்த வருடம் மழைக்கு முன், ஆவணி, புரட்டாசியில், மிஞ்சுகிற தீவனப்புல்லையோ சோளத்தட்டையையோ நறுக்கி, நூறு கிலோவுக்கு ஒன்றிரண்டு கிலோ வெல்லக் கரைசல் தெளித்து, 200 லிட்டர் டிரம்மில் காற்றில்லாமல் மிதித்து அடைத்து மூடிவிடுங்கள். நாற்பத்தைந்து நாளில் ஊறுகாய்ப்புல் தயார். ஒரு டிரம்மில் நூறு கிலோவுக்குக் குறையாமல் பிடிக்கும். இரண்டு கறவைக்கும் பத்துப் பத்துக் கிலோ என்றால் டிரம்முக்கு ஐந்து நாள். நாலு டிரம் இருந்தால் இருபது மழை நாளுக்கு நீங்கள் அரிவாளைத் தொட வேண்டாம்.

இங்கேதான் மிஷின் வருகிறது. ஊறுகாய்ப்புல் போடப்போகிறீர்கள் என்றால் நறுக்கும் கருவி வேண்டும், அரிவாளால் ஆகாது. கால்நடைத் துறையில் அவ்வப்போது மானியத்தில் கொடுக்கிறார்கள், உங்கள் மருந்தகத்தில் பேர் கொடுத்து வையுங்கள். இப்போதைக்கு, மூன்று மாட்டுக்குத் தினசரி நறுக்க மட்டும் என்றால், வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் டிரம், குழாய், மிதவை வால்வு, பரண் எல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும். வாங்கினாலும் மழை ஈரத்தில் கரண்டு மிஷினை வெறுங்காலோடு நின்று ஓட்டாதீர்கள், புல்லைக் கையால் கடைசிவரை தள்ளாதீர்கள். விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாளில் படப்புக்கும் போக முடியாது, கடைக்கும் போக முடியாது. பரணில் எப்போதும் மூன்று நாள் வைக்கோலும் டிரம்மில் மூன்று நாள் கலவையும் குறையாமல் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடாதீர்கள், கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

சினை மாட்டின் பல், மடி, கடைசியாகச் சினை ஊசி போட்ட தேதி ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். ஈனுவதற்கு முன் மூன்று வாரம் அதன் தீவனத்தை எப்படி ஏற்றுவது என்று தனியாகச் சொல்கிறேன். கூடவே புளியங்கொட்டைக் கணக்கும் வரட்டும். முதல் நாள் எத்தனை, டிரம் வைத்த பிறகு எத்தனை என்று.